ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு

கலைவாணிக்கு அந்தச் சேனல்காரர்கள் மேல் வந்த கோபத்தை அடுப்பில் வைத்திருந்தால் ஒரு படி சாமை வெந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணி என்றால் பன்னிரண்டு மணிதானே? காவலூர் பஸ் மலையேறி, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, குறுக்கே படுத்திருக்கும் மாட்டையெல்லாம் எழுப்பிவிட்டு, அப்படியும் பத்து நிமிஷம் முன்னே பின்னே வந்து சேர்ந்துவிடுகிறது. ஏசி அறையில் உட்கார்ந்து ஒரு பித்தானைத் தட்டவேண்டியவர்களுக்கு அதைவிட என்ன கஷ்டமாம்?

விஷயம் இதுதான். தை மாசக் கடைசியில் ஒரு சேனலிலிருந்து ‘மலைச்சமையல்’ என்கிற நிகழ்ச்சிக்காக வேன் போட்டுக்கொண்டு வந்தார்கள். வாணியம்பாடிப் பெண் ஃபிஜாதான் மைக்கைப் பிடித்துப் பேசுகிறவள். கலைவாணி அவர்களுக்குச் சாமைப் புளிச்சோறு செய்து காட்டினாள். வேடிக்கை பார்க்க வந்த ஊரையெல்லாம், “சத்தம் வருதுங்க, தள்ளிப் போங்க” என்று வேலிக்கு அந்தப் பக்கம் துரத்திவிட்டார்கள். அதனால் உள்ளே கலைவாணி என்ன பேசினாள் என்பது யார் காதிலும் விழவில்லை.

அவள் பேசியது இது: “இது எங்க வூட்டுப் பக்குவம். ஆனா என் கைப்பக்குவம் இல்லீங்க. எதுத்த வூட்ல கீறாங்களே எங்க ஓர்ப்படி பெரியம்மாள், அவங்க கத்துக்குடுத்தது. அவங்களுக்கு வர்ற மாதிரி யாருக்கும் வராது.”

அந்த ஒரு வார்த்தையைப் பெரியம்மாள் கேட்கவேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

பெரியம்மாள் வேறு யாருமில்லை, கலைவாணியின் புருஷன் சின்னதம்பிக்கு அண்ணன் பெண்டாட்டி. கலைவாணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ‘அக்கா, அக்கா’ என்று அவள் பின்னாலேயே சுற்றினவள்தான். எல்லாம் கண்ணமங்கலத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில் கெட்டது. இரண்டு பேரும் சேர்ந்து அண்டா நிறையப் புளிச்சோறு செய்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனுஷர் ஒருவர் இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “யாரு கைப்பக்குவம் இது?” என்று கேட்டார். கலைவாணி முன்னால் நின்றாள். புகழ்ச்சி வந்தால் யாருக்குத்தான் கசக்கும்? “நம்ம கைதாங்க” என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். திரும்பிப் பார்த்தால், கரண்டியோடு பின்னாலேயே நிற்கிறாள் பெரியம்மாள்.

ஆயிற்று இரண்டு வருஷம். நடுவில் இருப்பது பத்தடித் தெரு. அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்கிறார்கள், கோழிகள்கூட இங்கேயும் அங்கேயும் போய் மேய்கின்றன, இவர்கள் இரண்டு பேரும் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். தப்பு தன்னுடையதுதான் என்று கலைவாணிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன? எதிரே போய் நின்று சொல்ல நாக்கு எழும்ப வேண்டாமா? கேமராவிடம் சொல்வது சுலபமாக இருந்தது. கேமரா முறைக்காது, ‘இப்போதான் தெரிஞ்சுதா?’ என்று கேட்காது. புருஷனிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. டிவியே சொல்லட்டும், பெரியம்மாள் தன் வீட்டில் தன் டிவியில் தன் காதால் கேட்கட்டும் என்று காத்திருந்தாள்.

முதல் ஞாயிறு ஊரே அவள் வீட்டில் கூடியது. வந்தவர்கள் வெறும் வயிற்றோடு டிவி பார்ப்பதா என்று பெரிய தவலை நிறையப் புளிச்சோறு செய்தாள். பன்னிரண்டு அடித்தது. ஏதோ ஒரு படத்தின் வெற்றி விழா ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் மாற்றி ஒருவர் சால்வை போர்த்திக்கொண்டார்கள். ஒரு மணி, ஒன்றரை. சால்வை தீர்ந்தபாடில்லை. ஊர் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு போனது.

இரண்டாம் ஞாயிறு முழங்கால் வலித் தைலம். ஒரு மணி நேரம் முழுக்க ஒருவர் தைலத்தைத் தடவிக் காட்டினார், ஒரு கிழவர் எழுந்து ஓடினார், மறுபடி தடவினார், மறுபடி ஓடினார். தெருவுக்கு அந்தப் பக்கம் பெரியம்மாள் வீட்டு டிவியிலும் அதே தைலக்காரரின் குரல் கேட்டது. அதைக் கேட்டதும் கலைவாணி காதைத் தீட்டிக்கொண்டாள். ஆக, அவளும் பார்க்கிறாள்! வீம்புக்கு வாசல் பக்கம் வராவிட்டாலும் சேனலை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் ஃபிஜாவுக்குப் போன் போட்டாள்.

“இன்னா கண்ணு, பன்னண்டுன்னா பன்னண்டா, இல்ல பன்னண்டு மாதிரியா?”

“அக்கா, மன்னிச்சிடுங்க. நேரம் போடறது எங்க கையில இல்லீங்க. மேல கீறவங்க மாத்திடறாங்க. அடுத்த வாரம் கண்டிப்பா வந்துடும்ங்க.”

“போன வாரமும் கண்டிப்பான்னுதானே சொன்னே?”

“இது நெஜமான கண்டிப்புங்க அக்கா.”

சின்னதம்பி காவலூர் வானாய்வுக்கூடத்தில் தோட்டவேலை பார்க்கிறவன். சும்மா இருக்கமாட்டானே! “எங்க ஆபீஸ்ல கீற சாருங்க எந்த நட்சத்திரம் எத்தினி மணிக்கு எங்க வரும்னு நிமிஷத்தோட சொல்றாங்க. அது எம்மாந்தூரத்துல கீது! உன் புரோகிராம் தோ கீற மெட்ராஸ்லேர்ந்து வர மாட்டேங்குதே” என்றான். கலைவாணி பார்த்த பார்வையில் மிச்சப் பேச்சை விழுங்கிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

மூன்றாம் ஞாயிறு பன்னிரண்டு இருபதுக்கு, சும்மா சொல்லக்கூடாது, ‘மலைச்சமையல்’ என்று எழுத்து வந்தது, பாட்டும் வந்தது. கூட்டம் கைதட்டியது. கலைவாணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரையில் ஒரு கடற்கரை. முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு அம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

மளிகைக் கடை ரங்கசாமி, மூன்று வாரமாகத் தவறாமல் முதல் பந்தியில் உட்காருகிறவர், திரையைப் பார்த்தார், கலைவாணியைப் பார்த்தார். “இது உன்ன மாதிரி இல்லியேம்மா” என்றார். வீடே சிரித்தது. “பன்னண்டு மணியாம் பன்னண்டு மணி! சோறு மட்டுந்தான் இங்க நேரத்துக்கு வருது” என்று இன்னொருவர் சொல்ல, அதற்கும் சிரித்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. ஆனாலும் கலைவாணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊர் அவளைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டது. நிஜமாகவே படம் பிடித்தார்களா, இல்லை சும்மா லைட்டைப் போட்டு ஏமாற்றிவிட்டுப் போனார்களா என்று கடையில் பேச்சு அடிபட்டது.

அதற்கடுத்த புதன்கிழமை புளி உலுக்குகிற வேலை. ஊரில் கை கால் உள்ள அத்தனை பேரும் தோப்பில் இருந்தார்கள். ஆண்கள் மரத்தில் ஏறி உலுக்க, பெண்கள் கீழே பொறுக்கினார்கள். பெரியம்மாள் மட்டும் கால் பிசகி வீட்டில் இருந்தாள். காலை பத்து மணிக்கு அவளுடைய சீரியலை மறு ஒளிபரப்புச் செய்வார்கள். முந்தின ராத்திரி கரண்ட் போய்விட்டதால் மருமகள் விஷம் வைத்த பாலை யார் குடித்தார்கள் என்று தெரியாமல் தூக்கம் பிடிக்காதவள், ஒன்பதே முக்காலுக்கே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பத்து மணி. சீரியலைக் காணோம். அதற்குப் பதிலாகத் திரை நிறையக் கலைவாணியின் முகம்!

மத்தியானம் புளிக்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கலைவாணி நிமிர்கிறாள், வாசலில் நொண்டிக்கொண்டு வந்து நிற்கிறாள் பெரியம்மாள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம்.

“ஏண்டி, வந்துட்டே டிவியில!”

கலைவாணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “போட்டாங்களா? எப்போ? நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன், நல்லாவே பாத்தேன். என் சீரியலும் போச்சு. ‘இது எங்க வூட்டுப் பக்குவம்’னு பல்ல காட்டறே. அன்னிக்குக் கண்ணமங்கலத்துல நாலு பேரு முன்ன சொன்னே. இன்னிக்கு நாடு முழுக்கச் சொல்லிட்டே. இன்னும் யாரு பாக்கி?”

“அய்யோ, உங்க பேர சொன்னேன்! சத்தியமா சொன்னேன்! அத காட்டலியா?”

“யாரு நம்புவா? பன்னண்டு மணி பன்னண்டு மணின்னு மூணு வாரம் ஊரையே ஒக்கார வெச்சவ நீ.” பெரியம்மாள் திரும்பினாள். இரண்டு எட்டு நொண்டிப் போய்விட்டு மறுபடி நின்றாள். “எள்ளுப்பொடிய அடுப்பு எரியறப்பவாடி போடுவாங்க? கசந்து போவாது? என் பேர சொல்லாததே நல்லதாப் போச்சு.”

தெருவில் புளிமூட்டையோடு போனவர்கள் எல்லாரும் நின்று கேட்டார்கள். கலைவாணி உள்ளே ஓடிப்போய்ப் போனை எடுத்தாள்.

“ஃபிஜா, நான் எங்க ஓர்ப்படி பேர சொன்னேனே, அது எங்க?”

“அக்கா, எடிட்டிங்ல வெட்டிட்டாங்க போலிருக்குங்க. நேரம் பத்தலையாம்.”

“நேரம் பத்தலையா? தைலக்காரனுக்கு ஒரு மணி நேரம் கீது, சால்வைக்கு ரெண்டு மணி நேரம் கீது, எங்க அக்கா பேர சொல்ல அர நிமிஷம் இல்லியா உங்களுக்கு? அந்தத் துண்டையாச்சும் அனுப்பு கண்ணு, அவங்களுக்குக் காட்டறேன்.”

“அழிச்சிட்டாங்களாம்க்கா. எனக்கே மனசு கேக்கலீங்க.”

கலைவாணி போனை வைத்துவிட்டு அரிசிப் பானை மேல் சாய்ந்துகொண்டு ஒரு மூச்சு அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்ததும் புத்தி தெளிந்தது. அவளுக்கு எப்போதும் அந்த வரிசைதான். முகத்தைக் கழுவிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். எதிர் வீட்டைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, “ஞாயித்துக்கெழம பன்னண்டு மணிக்கு என் வூட்டு வாசல்ல புரோகிராம்! டிவி இல்ல, நானே! பன்னண்டுன்னா பன்னண்டு!” என்று கத்தினாள்.



ஞாயிறு வந்தது. வாசலில் அடுப்பு மூட்டி, வாணலி வைத்து, வெந்த சாமையை முறத்தில் கொட்டி ஆற வைத்திருந்தாள். கூட்டம் போன வாரத்தைவிட அதிகம். ஆனால் பெரியம்மாள் வரவில்லை. தன் வீட்டுப் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பதினொன்று ஐம்பத்தைந்து. பதினொன்று ஐம்பத்தெட்டு.

“அண்ணியும் வரட்டும் கலா, அஞ்சு நிமிஷம் பாத்துட்டு ஆரம்பிக்கலாம்” என்றான் சின்னதம்பி.

“நேரம்னா நேரம். நான் இன்னா சேனல்காரியா?”

ரங்கசாமி செல்போனை உயர்த்திப் பிடித்து, “பன்னண்டு!” என்றார்.

கலைவாணி கரண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாய் காய்ந்துவிட்டது. அன்றைக்குக் கேமரா முன்னால் இப்படி இல்லை. இப்போது எதிரே அந்த முதுகு இருக்கிறது. புளிக்கொட்டை ஒவ்வொன்றாகத் தட்டில் விழுகிற சத்தம் கேட்கிறது.

“எல்லாருக்கும் வணக்கங்க. இது சாமைப் புளிச்சோறு. இது என் கைப்பக்குவம் இல்ல. எதுத்தாப்பல ஒக்காந்துக்கினு கீறாங்களே பெரியம்மாள் அக்கா, அவங்க கத்துக்குடுத்தது. இது டிவியில சொன்னது. நேரம் இல்லன்னு வெட்டிட்டாங்க.” மூச்சு வாங்கினாள். “டிவியில சொல்லாதது ஒண்ணு கீது. ரெண்டு வருசம் முன்ன கண்ணமங்கலத்துல நம்ம கைதான்னு சொன்னேனே, அது பொய். அக்கா பின்னால நிக்கறது தெரிஞ்சப்புறமாச்சும் மாத்திச் சொல்லியிருக்கணும், சொல்லல. தப்பு என்னுதுதான்.”

தட்டில் கொட்டை விழுகிற சத்தம் நின்றுவிட்டது.

கலைவாணிக்கு இனி என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏதாவது செய்தாகவேண்டுமே என்று எள்ளுப்பொடிக் கிண்ணத்தை எடுத்து, வாணலியில் கொதிக்கிற புளிக்கு மேலே கொண்டுபோனாள்.

“அடியே! அடியே! மொதல்ல அடுப்ப அணைடி!”

பிசகின கால் என்றுகூடப் பார்க்காமல் தெருவைத் தாண்டி வந்தாள் பெரியம்மாள். கிண்ணத்தைப் பிடுங்கினாள், கரண்டியைப் பிடுங்கினாள், விறகை வெளியே இழுத்தாள். “எத்தினி வாட்டி சொல்லிக்குடுத்தேன்! எறக்கி வெச்சு, சூடு தணிஞ்சப்புறம் போடணும்னு. மறுபடியும் கெடுக்கப் பாக்கறா. தள்ளு அந்தாண்ட.”

கலைவாணி தள்ளி நின்றாள். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. “அக்கா, உப்பு பாருங்க” என்றாள்.

“எனக்குத் தெரியும்.” பெரியம்மாள் அவளைப் பார்க்காமலே சாமையைக் கொட்டிக் கிளறினாள். கொஞ்ச நேரம் கழித்து, “புளி எந்த மரத்துது? நம்ம கெணத்து மேட்டு மரமா?” என்று கேட்டாள்.

“அதுதான்க்கா.”

“அதான் நெறம் நல்லா கீது.”

இலை போட்டார்கள். ரங்கசாமி முதல் உருண்டையை வாயில் போட்டு, கண்ணை மூடி, வேண்டுமென்றே குரலை உயர்த்தி, “யாரு கைப்பக்குவம்மா இது?” என்று கேட்டார்.

கலைவாணி யோசிக்கவே இல்லை. “அக்கா கைங்க.”

பெரியம்மாள் அவர் இலையில் இன்னொரு கரண்டி வைத்தாள். “சோறு என்னுதுதான்” என்றாள். “நேரத்துக்கு ஆரம்பிச்சது அவ.”