அப்பாவுக்குச் சொல்லாத பாஸ்வர்ட்

...கீபோர்டு கெடவில்லை, கெடவே இல்லை, கறுப்புத் திரையில் பாஸ்வர்ட் அடிக்கும்போது ஒரு எழுத்தும் தெரியாது, லினக்ஸ் அப்படித்தான், இதைக் கணக்குப் பகுதி ஃபரீதாவிடம் எத்தனை தடவை சொன்னாலும் அவள் வேறு கீபோர்டு மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் ‘அகத்தாக்கா’ என்று வந்து நிற்பாள்... கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரம் தனக்குள் சிரித்துக்கொண்டாள் அகத்தா. கூலிம் டவுனைத் தாண்டியும் ஜாம். நிற்கட்டும். பழைய கம்ப்யூட்டர்களை அள்ளிப்போக லோரி வந்து நின்றபோது, கொஞ்சம் பொறுங்கள் என்று குறுக்கே நின்றவள் இவள்தானே, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸை அவற்றில் போட்டாள், இன்றைக்கு ஆபீசே அவற்றில்தான் ஓடுகிறது, நீங்கள் லீவு போட்டால் நாங்களும் லீவுதான் என்கிறான் பக்கத்து மேசை சைபுல், பெருமையாக இருக்காதா, இருக்கத்தான் செய்யும், இருந்துவிட்டுப் போகட்டுமே.

கைப்பேசி அதிர்ந்தது. அப்பா. கோலா கெத்திலில் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற பரஞ்சோதி, இப்போது சிற்றாலயத்துப் பாட்டுத் தாளெல்லாம் அவர் தட்டச்சுதான், இவள் லினக்ஸ் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டரில். அதற்கு முன்னால் அப்பாவும் மகளும் என்ன பேசினார்கள்? சாப்பிட்டீங்களா, ஆங், மழையா, ஆங், அவ்வளவுதான். இப்போது தினமும் கூப்பிடுகிறார், எழுத்து சின்னதாகிவிட்டது, இந்த அப்டேட்டை அமுக்கலாமா... நடுவில் மாத்திரை, முட்டிவலி, பக்கத்து வீட்டு அழகம்மா கொடுத்த கீரை எல்லாம் வந்துவிடும். தொல்லை என்று ஃபரீதாவிடம் அலுத்துக்கொள்வதும் ஒரு பெருமைதான். இன்றைக்குச் சிற்றாலயத்தில் புது பிரிண்டர் கொடுத்திருக்கிறார்களாம், கொஞ்ச நேரத்தில் வீட்டில் ஜெபம், ஆட்கள் வந்துவிட்டார்கள், பாட்டுத் தாள் வரவில்லை, பாஸ்வர்ட் கேட்கிறதாம்.

“நீ வந்து பாக்குறியா, இல்ல அதச் சொல்லுறியாம்மா?”

நானே வந்து பார்க்கிறேன் என்று வாய்வரை வந்தது, எப்போதும் அதைத்தானே சொல்வாள், ஆனால் பஸ் நகர்ந்தால்தானே. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை? கண்டதை அமுக்கிக் கெடுத்துவிடுவார் என்றுதான்... அதற்காகத்தானா? ஆபீஸ் பாஸ்வர்டை ஃபரீதாவுக்குச் சொன்னாள், சைபுலுக்குச் சொன்னாள், அவர்கள் அமுக்காததா? கறுப்புத் திரையைத் திறக்கச் சொன்னாள், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

“எழுத்தே தெரியலையேம்மா.”

“தெரியாதுப்பா. நம்பி அடிங்க.”

அடித்தார். கீபோர்டு கெட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரிண்டர் கரகரவென்று இழுப்பது கேட்டது, பின்னால் யாரிடமோ என் மவ போட்டுக் குடுத்தது லா என்கிறார், பஸ்ஸில் இருக்கிறவர்களுக்கெல்லாம் அது கேட்டிருக்கக்கூடாதா என்று அவளுக்கு இருந்தது.

“எழுதி வச்சிக்கிட்டேன்மா. இனிமே சும்மா சும்மா கூப்பிட்டு ஒன்னத் தொல்ல பண்ண மாட்டேன்.”

வைத்துவிட்டார். நல்லதுதான், யாரையும் நம்பாமல் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதானே போட்டுக் கொடுத்தது... நாளைக்கு இந்த நேரத்துக்குக் கூப்பிட மாட்டார், நாளை மறுநாளும். ஞாயிற்றுக்கிழமை போய் அந்தப் பாஸ்வர்டை மாற்றி வைத்துவிட்டால் என்ன... சே, நானா இப்படி நினைத்தேன் என்று கைப்பேசியைப் பைக்குள் போட்டாள், பஸ் நகர்ந்தது, புதுப் பாஸ்வர்டாக எதை வைக்கலாம் என்று மனம் அதுபாட்டுக்கு யோசித்துக்கொண்டிருந்தது.