வரவேற்புத் தட்டு

"வேற வழியில்லாமதான் ரேகாவுக்குத் தொணையா ஒன்ன அனுப்பறேன் சௌந்தரம். அவ தட்டோட நிக்கறப்ப எதிர்ல போயி நின்னுடாத," என்றாள் அண்ணி லோகநாயகி, கொண்டையில் முல்லைச் சரத்தைச் சொருகியபடி.

சௌந்தரம் தலையாட்டினாள். புருஷன் போன பதினோரு வருஷமாக அண்ணன் வீட்டில் அவளுக்கு முக்கிய வேலையே யார் எதிரிலும் நிற்காமலிருப்பதுதான். மிச்ச நேரத்தில் சமையல், துணி, பாத்திரம்.

அண்ணன் திருநாவுக்கரசு பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மஞ்சக்குப்பத்தில் எந்த மேடை கிடைத்தாலும் விதவைகளின் துயரம் பற்றி முக்கால் மணி நேரம் பேசுகிறவர். அவர் எழுதிக் கொடுத்த 'கைம்மைக் கொடுமை' உரையை ஒப்பித்துத்தான் மகள் ரேகா, சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் சேர்ந்த முதல் மாதமே தமிழ் மன்றத்தில் இடம் பிடித்தாள். அவள் மனப்பாடம் செய்த சத்தம் எங்கள் தெருவுக்கே கேட்டது. சமையல்கட்டுக்கும் கேட்டிருக்கும்.

"எதுனா தப்பா காதுல விழுந்துது, அன்னிக்கோட மன்றம் கட்," என்றார் மகளிடம்.

வயசுப் பெண் துணையில்லாமல் மன்ற விழாவுக்குப் போகக் கூடாது. தாய்க்கோ நெல்லிக்குப்பத்தில் கல்யாணம். ஆக, காவலுக்கு மட்டும் சௌந்தரம் நல்ல சகுனம்.

புது மாணவிகளுக்கு மன்றம் கொடுத்த முதல் வேலை, வாசலில் நின்று வரவேற்பது. ரேகாவின் தட்டில் சந்தனம், குங்குமம், கல்கண்டு, பூத்துண்டுகள். தூரத்திலேயே அதைப் பார்த்த சௌந்தரம் பக்கவாட்டுக் கதவுக்குத் திரும்பினாள்.

"அத்த, அங்க எங்க போற? வழி இது."

"சனம் நிக்குதும்மா. அப்பறமா வரேன்."

"எல்லாரும் எடுத்துக்குறாங்க. நீயும் எடுத்துக்க."

பக்கத்தில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த அருள்மொழிக்கு ஒன்றும் தெரியாது. தாராளமாகத் தெளித்துவிட்டு, "ஒங்க அக்காவாடி?" என்றாள்.

சௌந்தரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தாறு வயது. விரல் சந்தனத்தில் தயங்கியது. பிறகு குங்குமத்தைத் தொட்டது. பூவை ரேகாவே வைத்துவிட்டாள்.

சாயங்காலம் இருவரும் அப்படியே தெருவில் நடந்து வந்தார்கள். வாசல் தெளிக்க அன்று எல்லா வீட்டிலும் வெகுநேரம் பிடித்தது.

"என்னா கூத்து இது? அழி மொதல்ல," என்றாள் லோகநாயகி.

"குளிச்சா தானா போயிடும் அண்ணி. நாளைக்கி மறுபடி வெச்சிக்கறேன்."

திருநாவுக்கரசு மகளைப் பார்த்தார். "நாலு பேரு என்னா பேசுவான்? இனிமே மன்றமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

ரேகா பையிலிருந்து அந்த உரைத்தாளை எடுத்து அவர் பேப்பர் மேல் வைத்தாள். "நான் போவேம்ப்பா. அடுத்த பேச்ச நானே எழுதிக்கறேன். இத நீங்களே வெச்சிக்குங்க, மேடைக்கு ஆவும்."

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் அத்தையும் மருமகளும் மன்றக் கூட்டத்துக்குச் சிதம்பரம் பஸ் ஏறிவிட்டார்கள். திருநாவுக்கரசுக்கும் அன்று மேடை இருந்தது. தேய்த்து வைக்க ஆளில்லாத சட்டையைக் கசங்கலோடு மாட்டிக்கொண்டு போய், விதவைகளுக்காக முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்தார்.