கழுவாத கால்

"உள்ள யாரு இருக்கா?" என்று கேட்டார் பொன்ராஜ், தன் வீட்டுக் குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டே.

மணி ஐந்து. ஆறு மணிக்குக் கோயிலில் பெரிய வியாழன் பூசை. தி. நகர் பாத்திரக்கடையை மைத்துனனிடம் விட்டுவிட்டு மந்தைவெளிக்கு அரக்கப்பரக்க வந்திருந்தார். வீட்டில் இருப்பது அவரும் மனைவி சலேத்மேரியும்தான். அந்தச் சலேத்மேரியோ கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அப்படியானால் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருப்பது யார்?

"தேசம்மா" என்றாள் சலேத்மேரி.

"எந்தத் தேசம்மா?"

"நம்ம தெருவைக் கூட்டுதவங்க."

பொன்ராஜ் கதவைத் தட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலை அவருக்குப் பெரிய மரியாதை ஒன்று காத்திருந்தது. இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவிய நினைவாக, பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதத்தைக் கழுவுவார். பங்கில், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த வட்டாரத்தில், பன்னிரண்டு அன்பியங்கள். நாலைந்து தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற குழுவுக்குத்தான் அப்படி அழகான பெயர். அன்பியத்துக்கு ஓர் ஆள் என்று கணக்கு. மந்தைவெளி அன்பியத்தின் தலைவர் என்பதால் எட்டு வருடமாக அந்த நாற்காலி பொன்ராஜுக்குத்தான். சாமியார் கையில் அழுக்குப் படலாமா? ஆகவே பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டு, கல்லில் தேய்த்து, பளபளவென்று போய் உட்காருவார்கள். கழுவிய காலைத்தான் சாமியார் வருடாவருடம் கழுவுகிறார். இதை நினைத்து யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

இந்த வருடம் பொன்ராஜுக்குத் தேய்க்க நிறையவே இருந்தது. தவக்காலம் முழுக்கச் செருப்புப் போடுவதில்லை என்று நேர்ந்துகொண்டு, தி. நகர்ப் புழுதியையெல்லாம் பாதத்தில் ஏற்றி வைத்திருந்தார்.

தேசம்மா விவகாரம் மோரில் ஆரம்பித்தது. தவக்காலத்து அறப்பணி என்று அன்பியத்தார் பொன்ராஜ் குடியிருக்கும் அடுக்குமாடி வாசலில் மோர்ப் பந்தல் போட்டார்கள். போட்டோவில் ஓர் ஏழை வேண்டுமே என்று, தெருக் கூட்டிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். தேசம்மா தம்ளரை வாங்கினாள், சொன்னபடி சிரித்தாள், எல்லோரும் திரும்பியதும் மோரைச் செடிக்கு ஊற்றிவிட்டாள். சலேத்மேரி மட்டும் அதைப் பார்த்துவிட்டாள்.

"மோர் புளிக்கா?"

"மோரு நல்லாத்தான் கீதுக்கா. குட்ச்சிட்டா அப்பால எங்க போறது? ரெண்டு மணிக்கு வந்தா பத்து மணி வரிக்கும் டூட்டி. ஆம்பளைங்க செவுத்தாண்ட நின்னுக்கினு பூடுவாங்கோ. நான் தண்ணியே தொடறதில்ல. ரெண்டு தபா நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரில படுத்துக்கினேன். இன்னொரு தபா வந்தா கிட்னி பூடும்னு டாக்டரம்மா சொல்லிக்கீது."

சலேத்மேரிக்கு உடம்பெல்லாம் கூசிற்று. மூன்று வருடமாகத் தன் வாசலைக் கூட்டுகிறவள், சென்னை வெயிலில் தொண்டை காய்ந்து கிடக்கிறாள். தாங்கள் மோர் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கீழே வாட்ச்மேனுக்கு என்று கட்டிய கழிப்பறை ஒன்று பூட்டியே கிடந்தது. சாவி அசோசியேஷன் செயலாளரிடம். அந்தச் செயலாளரும் சாட்சாத் பொன்ராஜ்தான். சலேத்மேரி கேட்டதற்கு, "ஒருத்திய விட்டா தெருவே வரும்" என்றுவிட்டார். ஆட்டோக்காரர்கள் முகம் கழுவுகிறார்கள் என்று வாசல் குழாயின் திருகையே கழற்றி வைத்தவர், சாவியா கொடுப்பார்? ஊருக்குத்தானே உபதேசம். மறுநாளிலிருந்து சலேத்மேரி தன் வீட்டுக் கதவையே திறந்துவிட்டாள். இருபது நாளாகத் தேசம்மா மாலையில் ஒருமுறை வந்து போகிறாள், தைரியமாகத் தண்ணீர் குடிக்கிறாள்.

தாழ்ப்பாள் திறந்தது. வெளியே வந்த தேசம்மா பொன்ராஜைக் கண்டு சுவரோடு ஒண்டிக்கொண்டாள்.

"சாரு வந்துட்டாரா? நான் இனிமே வர்ல விடுக்கா. என்னால உனுக்கு எதுக்கு ரோதன?"

"நாளைக்கும் வாங்க" என்று சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள் சலேத்மேரி. தேசம்மா பாதி குடித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

"ஆசிட்ட ஊத்திக் கழுவு. அப்பந்தான் நான் உள்ள கால் வைப்பேன்" என்றார் பொன்ராஜ்.

"அவங்க கழுவிட்டுத்தான் போயிருக்காங்க."

"ஏட்டி, குப்பை அள்ளுதவ அவ."

"நம்ம குப்பையத்தான்."

"அவ என்ன ஆளுகன்னாவது தெரியுமா ஒனக்கு?"

"நம்ம பாட்டன் ஞானஸ்நானம் வாங்கப் போனப்ப சாமியார் அப்படிக் கேட்டிருந்தா, நாம எங்க இருந்திருப்போம்? நான் கழுவ மாட்டேன்."

முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் வாயிலிருந்து 'மாட்டேன்' வந்து அவர் கேட்டதில்லை. குரலைத் தணித்தார்.

"அப்பம் ஒரு வாளித் தண்ணியாவது வெளிய எடுத்து வை."

"வாளியும் அவங்க தொட்டதுதான்."

பொன்ராஜ் தடதடவென்று கீழே இறங்கினார். வாசல் குழாய் திருகில்லாமல் மொட்டையாக நின்றது. கழற்றிய திருகை எங்கே வைத்தோம் என்று நினைவில்லை. வாட்ச்மேன் கழிப்பறைச் சாவியோ தி. நகர்க் கடையில் கிடந்தது. பக்கத்து வீட்டில் கேட்கலாம். ஏன் என்று கேட்பார்கள். ஐந்தே முக்காலுக்கு முதல் மணி அடித்தது. வேட்டியைத் தழைய விட்டுக் காலை மறைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்.

சலேத்மேரியும் போனாள். கழுவிய பாதத்தைத் துடைக்கிற துண்டை அவரவர் வீட்டுப் பெண்தான் ஏந்தி நிற்க வேண்டும் என்பது அந்தப் பங்கின் வழக்கம்.

சாமியார் புதியவர், இளைஞர். ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் மண்டியிட்டு, செம்பால் நீர் ஊற்றி, வலது பாதத்தைக் கழுவிக்கொண்டே வந்தார். பதினோரு பேர் முடிந்தும் தாம்பாளத்துத் தண்ணீர் குடிக்கலாம் போலிருந்தது. பன்னிரண்டாவது ஆள் பொன்ராஜ். முதல் செம்பு ஊற்றியதுமே தண்ணீர் கறுத்தது. சாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க, வீட்ல தண்ணி வரலையா?"

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அங்கியில் மாட்டியிருந்த மைக் அதைக் கடைசி பெஞ்சு வரைக்கும் கொண்டுபோயிற்று.

"மோட்டார் ரிப்பேர், சாமி" என்றார் பொன்ராஜ்.

அப்ப வடிவில் ஆண்டவரே எழுந்தருளுகிற நாளில், பீடத்துக்கு முன்னால், கூசாமல் ஒரு பொய். சலேத்மேரிக்கு அதுவரை இருந்த பயமெல்லாம் போய்விட்டது.

"மோட்டார் நல்லா ஓடுது, சாமி" என்றாள். "தெருக் கூட்டுத தேசம்மா எங்க வீட்டு பாத்ரூமுக்கு வந்தாங்க. அவங்க போன எடத்துல கால் வைக்க மாட்டேன்னு இவுக கழுவாம வந்துட்டாக."

பாடிக்கொண்டிருந்தவர்கள் பாதி வரியில் நிறுத்திவிட்டார்கள். பெண்கள் பக்கம் யாரோ இருமினார்கள். சாமியார் இன்னொரு செம்பு தண்ணீர் வாங்கி, வெடிப்பில் படிந்த அழுக்கை விரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அவசரமே படவில்லை. பொன்ராஜ் காலை இழுக்கவும் முடியாமல், நீட்டவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

கழுவி முடித்துச் சாமியார் கையை நீட்டினார். சலேத்மேரி துண்டைக் கொடுத்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, வீட்டில் பேசுகிற குரலிலேயே சொன்னாள்:

"நாளைக்கும் வருவாங்க. நீங்க வீட்ல இருந்தா கதவைத் தெறந்து விடுங்க."