இரட்டை இலைக் காம்பு

...போன வருஷமும் இதே ஏப்ரல்தான், வியன்னாவின் இதே டிராம்தான், கடைசி நிறுத்தத்தில் இறங்கி இதே காட்டுச் சரிவில்தான் ஏறினார்கள், அப்போது ட்ராவ்டேவுக்குப் பயமென்று ஒன்று இருந்ததா என்ன? முப்பத்தெட்டு வருஷமாகக் காட்டுப்பூண்டு இலை பறிக்கிறவள், கண்ணைக் கட்டிவிட்டாலும் பறிப்பேன் என்று பீற்றிக்கொண்டவள்... அவள் வைத்த சூப்பைக் குடித்துவிட்டு ஃபெர்டி வாந்தியெடுத்து, நாடி நாற்பதுக்கு இறங்கி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பூண்டு இலையோடு, மே மாதம் வெள்ளை மணிமணியாகப் பூக்குமே, அந்த நஞ்சுச் செடியின் இலையும் கலந்திருந்ததாம். கட்டிய புருஷனையே கொல்லப் பார்த்தேனே... அவன் ஒரு வார்த்தை குறை சொன்னானா? குழாய்களுக்கு நடுவே படுத்துக்கொண்டு, சூப்பில் உப்பு கம்மி என்றானே, பாவி. இதோ முன்னால் மூச்சிரைத்துக்கொண்டு உயிரோடு ஏறுகிறான். நன்றி, நன்றி... யாருக்குச் சொல்வது, மாதா கோயில் பக்கம் போயே பல வருஷமாயிற்று, சரி, இந்தக் கிழட்டுக் காட்டுமரங்களுக்கே சொல்லிவிடலாம். இன்னும் துளிர்க்காமல் நிற்கின்றன, அதனால்தான் வெயில் தரைவரை இறங்கி எங்கே பார்த்தாலும் பூண்டு இலையின் பச்சை.

“என்ன, மரத்தோட ரகசியம்? குனிஞ்சு பறி. நாளைக்கு எனக்கு சூப் வேணும்.”

“உயிர் மேல ஆசையே இல்லையா மனுஷா உனக்கு?”

“உன் சூப் மேலதான் ஆசை.”

அழுகை முட்டியது, குனிந்துகொண்டாள். ஒவ்வொன்றாக, காம்பைப் பார்த்துப் பார்த்து... பத்து இலை பறித்தால் விரலெல்லாம் பூண்டு நாறும், அப்புறம் எதை முகர்ந்தாலும் பூண்டுதான், வாசத்தை நம்பக் கூடாது. பூண்டு என்றால் ஒரு காம்புக்கு ஒரே இலை, நஞ்சென்றால் ஒரே காம்பில் இரண்டு. இது தெரிந்த என் கை எப்படித் தவறியது? ஒரு வருஷமாகத் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி. ஃபெர்டி வந்து வழக்கம்போல ஒரு கைப்பிடியை அவள் கூடையில் கொட்டிவிட்டுப் போனான், காம்பைப் பார்க்காமல் கொத்துக் கொத்தாகப் பறிப்பவன். மேலாக ஒரு காம்பு... இரண்டு இலை. முகர்ந்தாள், அவன் கையின் பூண்டு வாசம் மட்டும். போன வருஷமும் இப்படித்தானே கொட்டினான்... அப்படியானால்? அவனுக்குத் தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லாதது பெருந்தன்மையா, இல்லை...

“என்ன அப்படிப் பார்க்கிற?”

“ஒண்ணுமில்ல. மெல்லக் குனி, முட்டி போயிரும்.”

அவன் திரும்பியதும் அந்தக் காம்பைச் சருகுக்குள் போட்டு மிதித்தாள், அவன் கொட்டியதையெல்லாம் மடியில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள். நன்றி மட்டும் ஒரு சொட்டும் குறையவில்லை, அதுதான் ஆச்சரியம்... ஆனால் இந்த ஒரு வருஷமாக யார் யாரை மன்னித்துக்கொண்டிருந்தார்கள்?