கேட்டில் ஏறாதவர்கள்

திங்கட்கிழமை காலை, தொப்பி போட்ட ஒரு மனிதர் என் ரயில்வே கேட்டுக்கு எதிரே மடக்கு நாற்காலியை விரித்து, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். டிக்கெட் பிடிக்க வந்த அதிகாரி என்று பார்த்ததுமே முடிவு செய்தேன்.

காரணம் இருந்தது. அயர்லாந்தில் எங்கள் லீட்ரிம் பக்கத்து ஸ்டேஷன் சதுப்புக்கு அந்தப் புறம், இரண்டரை மைல் தள்ளி. எவன் நடப்பான்? டிரைவர் கார்னி என் கேட்டருகே வண்டியை ஊர விடுவான். கோழியும் வெண்ணெயுமாக ஊரே ஏறிக்கொள்ளும். டிக்கெட் என்ற பேச்சே கிடையாது. கார்டுக்கு அரை டஜன் முட்டை கொடுத்தால் அவருக்குக் கண் தெரியாது.

கேட்டில் யாரையும் ஏற்றக்கூடாது என்று கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். என் புருஷன் டெனிஸ் தண்டவாள வேலையில் செத்த பிறகு, கேட்டைத் திறந்து மூடுவதற்காகத்தான் இந்த இரண்டு அறை வீட்டில் என்னை விட்டுவைத்திருந்தார்கள். விஷயம் வெளியே வந்தால் வேலையும் போகும், வீடும் போகும்.

உடனே பால் வண்டிக்காரன் பேக்கியிடம் சொல்லி அனுப்பினேன். "டிக்கெட் பிடிக்க ஆள் வந்திருக்கான். அவன் போற வரைக்கும் ஒரு குஞ்சுகூட இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாதுன்னு வீடு வீடா சொல்லிரு."

எங்கள் ஊரில் நல்ல காரியத்துக்கு நாலு பேர் சேர மாட்டார்கள். அதிகாரியை ஏமாற்ற என்றால் அப்படி ஓர் ஒற்றுமை! கார்னி நேரே பார்த்துக்கொண்டு, பிஷப் மாதிரி விறைப்பாகப் போனான். செவ்வாய்ச் சந்தைக்குப் பக்கத்து வீட்டு கிரெட்டா, வீங்கின முழங்காலோடு கொட்டும் மழையில் ஐந்து மைல் நடந்தே போனாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வியாழக்கிழமை அந்த மனிதருக்கு டீயும் சோடா ரொட்டியும் கொடுத்தேன்.

"இங்க யாராவது ஏறுவாங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மாதா மேல சத்தியமா ஒருத்தரும் கிடையாது சார். இது என்ன ஸ்டேஷனா?"

ஏதோ எழுதிக்கொண்டார். முகம் வாடிப்போனது. மாட்டிக்கொள்ள ஆள் கிடைக்காத வருத்தம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மாலை நாற்காலியை மடக்கும்போது சொன்னார்: "மூடப்போற லைன்ல இதுவும் ஒண்ணும்மா. ஸ்டேஷன்ல டிக்கெட்டே விக்கல. இங்க திருட்டுத்தனமா நிறைய பேரு ஏறுறாங்கன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தேன். வாரத்துக்கு இருபது பேருன்னு காட்டியிருந்தா இங்கயே வண்டிய நிக்க வச்சிருப்பேன். லைனும் பிழைச்சிருக்கும்."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், முப்பது பேரு ஏறுவாங்க சார்! நான்தான் வர வேண்டாம்னு தடுத்தேன். மாதா மேல சத்தியம்!"

"அதே மாதா மேலதான முந்தாநாளும் சத்தியம் பண்ணீங்க?" அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. "ஆறு நாளா ஒரு ஈ காக்கா வரல. இப்ப முப்பதுன்னு எழுதினா, வீட்டக் காப்பாத்திக்க நீங்க புளுகுறீங்கன்னுதான் மேல சொல்வாங்க."

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். திங்கட்கிழமை முப்பத்திரண்டு பேர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கு வந்தார்கள். எதிரே நாற்காலி இல்லை.

ஜனவரியில் கடைசி வண்டி போனது. பிப்ரவரியில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், கூடவே என் வீட்டுக்கும் பூட்டுப் போட்டார்கள். எங்கே போவது என்று பெட்டியோடு நின்றவளை கிரெட்டாதான் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் பின்னறையில் வைத்தாள். "எங்க யாருக்கும் ஃபைன் விழாமக் காப்பாத்துனவ நீ. உன்னத் தெருவுல விடுவேனாடி?"

நான் தடுத்ததால்தான் லைன் போனது என்ற உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். பெட்டியைப் பிரித்து அடுக்கத் தொடங்கினேன். சொன்னால் இந்த அறையும் இல்லை.

இப்போது செவ்வாய்தோறும் விடியும்போது அவள் முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு சந்தைக்கு நடக்கக் கிளம்புகிறாள். வாசலில் நின்று, "அந்தத் தொப்பிக்காரன் நாசமாப் போக," என்கிறாள்.

"நாசமாப் போக," என்று நானும் சொல்கிறேன்.