இருட்டாக இருக்க வேண்டிய அறை

மட்டுவார்குழலிக்கு அந்த வாசிப்பு அறை இருட்டாக இருந்தே ஆக வேண்டும். கட்டடக்கலை முதுகலையில் கடைசிப் பருவம். பல்கலைக்கழக நூலகத்தின் கூரையைத் திறந்து பகல் வெளிச்சத்தை உள்ளே இறக்குவதுதான் அவளுடைய ஆய்வு. நாலு மாதமாக வரைந்து தள்ளியிருந்தாள். வெளிச்சம் ஏற்கெனவே இருந்துவிட்டால் கூரையைத் திறப்பானேன்?

சனிக்கிழமை விளக்குகளை அணைத்துவிட்டு, லக்ஸ் மீட்டரை மேசை மேசையாக வைத்து வெளிச்சத்தை அளந்தாள். படிக்க முந்நூறு வேண்டும். நூற்றுப் பத்துதான் வந்தது. இருட்டைக் கண்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண் திருச்சி ஜில்லாவிலேயே இருந்திருக்க மாட்டாள்.

திங்கட்கிழமை சும்மா சரிபார்க்க வந்தாள். அதே நேரம், அதே வெயில், அதே மேசை. முந்நூற்று இருபது! மீட்டருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று பேட்டரியை மாற்றினாள். முந்நூற்று இருபதேதான். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள். உயரத்து ஜன்னல் கண்ணாடிகளில் வெளியே நின்ற வேப்பமரம் இலை இலையாகத் தெரிந்தது.

துப்புரவு வேலை பார்க்கும் ஆனந்தவள்ளி துடைப்பத்தோடு பின்னால் வந்து நின்றாள்.

"சனிக்கிழமை நீங்க மெஷினை வச்சு அளக்குறதைப் பாத்தேம்மா. அழுக்கைத்தான் அளக்குறீங்கன்னு பக்குன்னு ஆயிடுச்சு. கான்ட்ராக்ட் வேலை, யாராச்சும் எழுதிக் குடுத்தா சீட்டு கிழிஞ்சிரும். அதான் நேத்து ஸ்ரீரங்கத்துலேருந்து முதல் பஸ்ஸைப் புடிச்சு வந்து துடைச்சுட்டேன்."

"அவ்வளவு உசரத்துக்கு எப்படிக்கா ஏறுனீங்க?"

"மேசை மேல நாற்காலி. ஏணி கேட்டு ஆறு வருசமாச்சு, யாரு குடுத்தா? என் பேரைச் சொல்லிடாதீங்கம்மா."

குழலிக்கு முதலில் வந்தது கோபம்தான். ஞாயிற்றுக்கிழமை பேசாமல் வீட்டில் படுத்திருக்கக் கூடாதா! நாலு மாத உழைப்பைப் பழைய பேப்பரும் தண்ணீரும் வைத்துத் துடைத்துவிட்டாளே.

ஆய்வு வழிகாட்டி முரளிதரன் அலட்டிக்கொள்ளவில்லை. "சனிக்கிழமை எடுத்ததையே போட்டுடும்மா. பொய்யா என்ன? அன்னிக்கு அப்படித்தானே இருந்துச்சு."

அவளுக்கும் சரியென்றுதான் பட்டது. மாலையில் திருவானைக்காவல் போகும் பஸ் காவிரிப் பாலம் ஏறும்வரை பட்டது. அதற்குமேல் மேசை, மேசை மேல் நாற்காலி, அதன் மேல் ஆனந்தவள்ளி என்றே நினைப்பு ஓடியது.

வெள்ளிக்கிழமை தேர்வாளர்கள் முன்னால் கூரைப் படங்களை அவள் விரிக்கவே இல்லை. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினாள். பரிந்துரை: ஓர் ஏணி.

"ரெண்டு நாள்ல என்னம்மா நடந்துச்சு?" என்றார் ஒருவர்.

"ஜன்னலைத் துடைச்சாங்க சார். முதல்ல நான் அளந்தது அழுக்கைத்தான்."

"அதுவரைக்கும் யாரு துடைக்காம விட்டது?"

"ஆறு வருஷமா ஏணி வாங்காதவங்க சார்."

யாரோ சிரித்தார்கள். முரளிதரன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வை ஏற்கவில்லை; வேறு தலைப்பில் இன்னொரு பருவம் செய்துவரச் சொல்லிவிட்டார்கள்.

மீட்டரை எடுக்க வாசிப்பு அறைக்குப் போனபோது ஆனந்தவள்ளி ஓடி வந்தாள். "என் பேரைச் சொன்னீங்களாம்மா?"

"இல்லக்கா."

"அப்பாடா!" என்றவள், குழலியின் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்களுக்குப் பாஸாம்மா?"

குழலிக்கு அழுகை வந்துவிட்டது. ஒதுங்கிப் போய் அழலாமென்று சுற்றிப் பார்த்தாள். அந்த அறையில் இருட்டான மூலை ஒன்றுகூட மிச்சமில்லை.