இடது பக்கத்து நாதஸ்வரம்

குமாரபாளையத்தில் விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கும் தீனதயாளனின் மனைவி மோனிஷா, புதுச் செல்போன்களின் நல்லது கெட்டதை யூடியூபில் சொல்கிறவள். சிறுவயதிலிருந்தே தறியோடு தறியாக நின்று வளர்ந்தவள்.

அந்த வாரம் பாட்டுக்கென்றே செய்த போன் ஒன்றைப் புதுக் கம்பெனி அனுப்பியிருந்தது. இரண்டு ஸ்பீக்கர், பாட்டு மாற்ற ஓரத்தில் தனிப் பொத்தான், கூடவே இயர்போன். தறி ஓடும்போதே வைத்துப் பார்த்தாள். சத்தத்தை முழுசாகக் கூட்டியும் பிசிறடிக்கவில்லை. இயர்போனை மாட்டியபோதுதான் இடித்தது. வலது பக்கம் தவில் கணீரென்று விழ, இடது பக்கத்து நாதஸ்வரம் பக்கத்துத் தெருவில் வாசிப்பதுபோல் இருந்தது.

"ஏனுங்க, பாட்டு போனுங்கறான், ஒரு பக்கம் செத்துக் கெடக்குது. வீடியோவுல கிழிச்சுப் போடறேன் பாருங்க."

தீனதயாளன் வாங்கி மாட்டிப் பார்த்தான். "ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான கேக்குது?"

"நல்லாக் கேளுங்க."

"கேட்டுட்டுத்தான் சொல்றேன்."

அவள் பிடுங்கி, வலதை இடதிலும் இடதை வலதிலுமாக மாற்றி மாட்டினாள். இப்போது நாதஸ்வரம் கணீரென்றது. இடது காதுக்கு வந்த தவில் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. இயர்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறாள், திமிர் பிடித்தவள் என்று மாமியார் குறைப்படுவது நினைவுக்கு வந்தது.

ஈரோட்டில் காது டாக்டர் பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: "தறிச் சத்தத்துல நரம்பு கெட்டிருக்கும்மா. வலதுலயும் லேசா ஆரம்பிச்சிருக்கு. போனது வராது. இருக்கறதக் காப்பாத்திக்கங்க."

திரும்பும் பஸ்ஸில் தீனதயாளன் அவளுக்கு வலது பக்கமாக மாறி உட்கார்ந்தான். "இந்த வீடியோவ உட்டுறலாமா?"

"எதுக்குங்க? அது நல்ல போனு."

மறுநாள் பேசிப் பதிவு செய்தாள். ஸ்பீக்கரைப் புகழ்ந்தாள், கேமரா சுமார்தான் என்றாள். "இயர்போன்ல இடது பக்கம் நல்லாருக்குதுன்னு எங்கூட்டுக்காரர் சொல்றாருங்க. எனக்கு அந்தக் காது கேக்கலீங்க. தறிச் சத்தம்."

வெளியிடுமுன் கம்பெனிக்காரர் பார்த்துவிட்டு, "காது விஷயத்த மட்டும் வெட்டிரலாமா மேடம்?" என்றார்.

"வெட்டுனா, நான் கேக்காததக் கேட்டதாச் சொன்னமாதிரி ஆயிருமுங்க," என்று அப்படியே போட்டாள்.

போனின் விலையைக் கேட்டவர்கள் குறைவு. தறி ஓடும் ஊர்களான இளம்பிள்ளையிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும், "எனக்கும் இப்படித்தாங்க்கா, எந்த டாக்டருங்க?" என்றுதான் கமெண்டுகள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பதில் போட்டாள்.

தீனதயாளன் பட்டறை ஆட்களுக்குக் காதடைப்பான் வாங்கி வைத்தான். ஒருவரும் தொடவில்லை. கடைசியில் நூல் சுற்றும் சாரதாமணிதான் எடுத்து மாட்டினாள். "மொதலாளி திட்டறதும் கேக்காதுல்லங்க?" என்றாள். மோனிஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.